தாயின் வயிற்றில் எழுதப்பட்ட அடிமைச் சாசனம்: சாலி ஹெமிங்ஸின் வாழ்வு

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தார். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று உலகுக்கு அறிவித்தவர் அவர். இறந்தபின் அவருடைய சொத்துகளுக்கு மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. கால்நடைகளோடும் வீட்டுப் பொருள்களோடும் மனிதர்களும் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் 53 வயதான ஒரு பெண்ணுக்கு 50 டாலர் என்று விலை குறிக்கப்பட்டது. அவர் பெயர் சாலி ஹெமிங்ஸ். ஜெஃபர்சனின் இறந்த மனைவிக்குத் தங்கை முறை. ஜெஃபர்சனின் பிள்ளைகளுக்குத் தாய். சட்டத்தின் பார்வையில் ஜெஃபர்சனின் உடைமை. இம்மூன்றும் ஒரே பெண்ணிடம் எப்படிக் கூடின என்பதுதான் அவர் வாழ்க்கை வரலாறு.

சாலி எழுதிய கடிதம் ஒன்றும் இல்லை. அவரை வரைந்த ஓவியம் இல்லை. அவர் கல்லறைக்கு அடையாளமும் இல்லை. ஆனால் அவர் காலத்துச் சட்டங்கள் இருக்கின்றன, கணக்கேடுகள் இருக்கின்றன, அவர் மகன் அளித்த வாக்குமூலம் இருக்கிறது. சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் நாம் அவற்றின் வழியாகவே அவரை அணுக முடியும்.

சட்டம் முதலில் வந்தது

1773இல் சாலி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவருடைய தலைவிதியை வர்ஜீனியாவின் சட்டமன்றம் எழுதிவிட்டது. அதற்குக் காரணமாக அமைந்த வழக்குகளில் ஒன்று எலிசபெத் கீ என்ற பெண்ணுடையது. அவர் தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். ஆங்கிலேய மரபுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைப் பின்பற்றும். அந்த அடிப்படையில் தாம் சுதந்திரமானவர் என்று வாதாடிய எலிசபெத், 1656இல் விடுதலை பெற்றார். அவருக்காக வழக்காடிய வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேயரே பின்னர் அவரை மணந்துகொண்டார்.

ஆளும் வர்க்கத்துக்கு அபாயம் புரிந்துவிட்டது. 1662இல் வர்ஜீனியா தன் சொந்த மரபையே தலைகீழாக்கியது. இனிமேல் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை அடிமை. இந்த ஒரு விதி தந்தையைச் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்தது. அடிமைப் பெண்ணிடம் குழந்தை பெற்ற வெள்ளை ஆண் பெயர் தரவேண்டியதில்லை, சோறு போடவேண்டியதில்லை, சொத்தில் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. மாறாக, அவனே உரிமையாளனாக இருந்தால் அவன் சொத்தில் ஓர் உயிர் கூடியது.

வெள்ளைப் பெண்ணுக்கு வேறு நீதி வகுக்கப்பட்டது. 1691ஆம் ஆண்டுச் சட்டம் இனக்கலப்புத் திருமணம் செய்த வெள்ளையரை நாடு கடத்தியது. கறுப்பினத்தவருக்கு மணமின்றிக் குழந்தை பெறும் வெள்ளைப் பெண் 15 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். இயலாவிட்டால் ஐந்தாண்டு கொத்தடிமையாக விற்கப்படுவாள். அவள் குழந்தை 30 வயது வரை கொத்தடிமையாக உழைக்க வேண்டும். பின்னர் வந்த சட்டம் அதை 31 வயதாக்கியது. இந்த இரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். வெள்ளைப் பெண்ணின் கருப்பை இனத் தூய்மையின் காவற்கூடமாகவும், கறுப்பினப் பெண்ணின் கருப்பை மூலதனமாகவும் கருதப்பட்டன. முன்னவருக்கு மணமாகாத தாய்மை குற்றம். பின்னவருக்குத் திருமணம் என்பதே சட்டத்தில் கிடையாது. ஆகவே அடிமைத் தாய் ஒவ்வொருவரும் சட்டப்படி மணமாகாத தாயே.

இளம் வழக்குரைஞராக இருந்தபோது ஜெஃபர்சன் இச்சட்டத்தோடு நேருக்கு நேர் மோதினார் என்பது பலரும் அறியாத செய்தி. 1770இல் சாமுவேல் ஹோவெல் என்ற கலப்பினத்தவருக்காக அவர் நீதிமன்றத்தில் நின்றார். ஹோவெலின் கொள்ளுப்பாட்டி வெள்ளைப் பெண், கொள்ளுப்பாட்டன் கறுப்பினத்தவர். அந்த உறவின் தண்டனை மகளுக்குப் போய், மகளிடமிருந்து பேத்திக்கும், பேத்தியிடமிருந்து கொள்ளுப்பேரனுக்கும் இறங்கியிருந்தது. இயற்கைச் சட்டப்படி மனிதர் அனைவரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர் என்பது ஜெஃபர்சனின் வாதம். எதிர்த்தரப்பு வாய் திறக்கும் முன்பே நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூதாதையரின் உறவுக்காகக் கொள்ளுப்பேரப்பிள்ளையைத் தண்டிக்கும் சட்டத்தின் கொடுமையை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

அக்காவின் உடைமையான தங்கை

சாலியின் தாய் எலிசபெத் ஹெமிங்ஸ். அவர் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கும் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவருக்கும் பிறந்தவர் என்பது அக்குடும்பத்தின் வாய்மொழி வரலாறு. எலிசபெத்தின் உரிமையாளர் ஜான் வேல்ஸ். வழக்குரைஞர், அடிமை வணிகத்தில் பங்கு கொண்டவர். மூன்று மனைவியரை இழந்த வேல்ஸுக்கு எலிசபெத் ஆறு குழந்தைகளைப் பெற்றார். அவர்களில் கடைசிப் பிள்ளை சாலி. வேல்ஸின் திருமண உறவில் பிறந்த மகள் மார்த்தா, 1772இல் ஜெஃபர்சனை மணந்தார்.

1773இல் வேல்ஸ் இறந்தார். அவருடைய நிலங்களோடு 135 அடிமைகளும் மார்த்தாவின் பங்காக ஜெஃபர்சனிடம் வந்தனர். கைக்குழந்தையான சாலியும் அந்த 135 பேரில் ஒருவர். ஒரே தகப்பனின் இரு மகள்களில் ஒருத்தி மற்றொருத்தியைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றாள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆவணங்கள் யாவும் ஒழுங்காக இருந்தன.

ஹெமிங்ஸ் குடும்பத்தினர் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டு வீட்டு வேலைகளில் அமர்த்தப்பட்டனர். 1782இல் மார்த்தா இறந்தார். ஜெஃபர்சன் பின்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பாரிஸில் ஒரு பேரம்

1784இல் ஜெஃபர்சன் தூதுவராகப் பிரான்சுக்குச் சென்றார். சாலியின் அண்ணன் ஜேம்ஸ், பிரெஞ்சுச் சமையல் கற்க உடன் அழைத்துச் செல்லப்பட்டார். 1787இல் ஜெஃபர்சன் தம் இளைய மகளை வரவழைத்தபோது, துணையாக அனுப்பப்பட்டவர் 14 வயது சாலி. லண்டனில் அவர்களை வரவேற்ற அபிகைல் ஆடம்ஸ், துணைக்கு வந்த சிறுமிக்கே துணை தேவைப்படுகிறது என்று மதிப்பிட்டார். அவர் கண்ணுக்கும் சாலி ஒரு குழந்தைதான்.

பிரான்சு தன் மண்ணில் அடிமை முறையை ஏற்கவில்லை. விடுதலை கோரி நீதிமன்றத்தை நாடிய அடிமைகளுக்கு அது கிடைத்துக்கொண்டிருந்தது. ஜெஃபர்சனுக்கு இது நன்றாகத் தெரியும். தம் அடிமையைப் பிரான்சுக்குக் கொண்டுவர விரும்பிய ஓர் அமெரிக்கருக்கு 1786இல் அவர் எழுதிய பதிலில், சட்டம் அடிமையின் பக்கமே நிற்கும் என்று எச்சரித்து, எதுவும் பேசாமல் இருந்தவர்களுக்குத் தொல்லை வரவில்லை என்பதையும் குறிப்பிட்டார்.

சாலி பாரிஸில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பிரெஞ்சு மொழி கற்றார். சில மாதங்கள் கூலியும் பெற்றார். அந்த நாள்களில்தான் ஜெஃபர்சன் அவரைத் தம் ஆசைநாயகி ஆக்கிக்கொண்டார் என்று சாலியின் மகன் மேடிசன் பின்னாளில் பதிவு செய்தார். 1789இல் நாடு திரும்ப ஜெஃபர்சன் ஆயத்தமானபோது சாலிக்கு 16 வயது; அவர் கருவுற்றிருந்தார். ஜெஃபர்சனுக்கு 46 வயது. சாலி திரும்பி வர மறுத்தார். தனிச் சலுகைகளை ஜெஃபர்சன் வாக்களித்தார். பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாகவும் உறுதி கூறினார். அதன்பேரில் சாலி கப்பலேறினார்.

இதைக் காதல் என்று எழுதியோர் உண்டு. திரைப்படம் எடுத்தோரும் உண்டு. அந்தச் சொல்லை நாம் ஏற்க இயலாது. மறுப்பதற்கு உரிமை இல்லாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் இல்லை. வர்ஜீனியாவில் அடிமைப் பெண்ணை அவள் உரிமையாளன் வன்புணர்வது குற்றமாகவே எண்ணப்படவில்லை. ஆனால் சாலியை வெறும் பலியாகச் சுருக்குவதும் அவருக்குச் செய்யும் அநீதியே. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நாட்டில், சட்டம் அவர் பக்கம் நின்றது. அந்நிய மண்ணில், கையில் பணமின்றி, வயிற்றில் குழந்தையோடு நின்ற 16 வயதுப் பெண் அந்த வாய்ப்பைத் தமக்காகச் செலவிடவில்லை. இன்னும் பிறக்காத பிள்ளைகளின் விடுதலைக்கு விலையாக்கினார். 1662ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் வயிற்றளவில் செல்லாததாக்க அவரால் முடிந்த ஒரே வழி அதுதான்.

இகழ்ச்சி யார் மீது விழுந்தது?

பாரிஸில் உருவான குழந்தை நெடுநாள் வாழவில்லை. 1795 முதல் 1808 வரை மான்டிசெல்லோவில் சாலி ஆறு குழந்தைகளைப் பெற்றார். இருவர் சிறு வயதிலேயே இறந்தனர். பெவர்லி, ஹாரியட், மேடிசன், எஸ்டன் ஆகிய நால்வர் வளர்ந்து ஆளாயினர்.

1802 செப்டம்பரில் ரிச்மண்ட் நகரிலிருந்து வெளிவந்த ஓர் ஏடு இந்த உறவை அம்பலப்படுத்தியது. எழுதியவர் ஜேம்ஸ் காலெண்டர். ஒரு காலத்தில் ஜெஃபர்சனின் பண உதவி பெற்றவர். எதிர்பார்த்த அஞ்சல் அலுவலர் பதவி கிட்டாததால் பகையானவர். ஜெஃபர்சன் அப்போது நாட்டின் அதிபர். எதிர்க்கட்சி ஏடுகள் மாதக்கணக்கில் ஏளனக் கட்டுரைகளையும் கேலிப்பாட்டுகளையும் வெளியிட்டன. அவற்றின் சினம் அடிமை முறையின் மீது பாயவில்லை. ஒரு மனிதர் தம் பிள்ளைகளையே சொத்தாக வைத்திருப்பது அவர்களுக்கு உறுத்தவில்லை. கறுப்பினப் பெண்ணோடு உறவு கொண்டாரே என்பதுதான் உறுத்தியது. அதற்கான வசைச் சொற்கள் அனைத்தும் சாலியின் மீது விழுந்தன. நடத்தை கெட்டவள் என்று பட்டம் சூட்டப்பட்டவரும் அவரே.

ஜெஃபர்சன் பொதுவெளியில் இதற்கு மறுமொழி கூறவே இல்லை. 1804இல் பெரும் வெற்றியோடு மீண்டும் அதிபரானார். அதன் பின்னரும் சாலிக்கு மேடிசனும் எஸ்டனும் பிறந்தனர். இகழ்ச்சியால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. பதில் சொல்ல ஏடும் மேடையும் இல்லாத சாலியோ அந்தப் பழியைச் சாகும் வரை சுமந்தார்.

இதே ஊரில் சாலியின் மூத்த சகோதரி மேரியின் வாழ்வையும் நோக்க வேண்டும். அவர் தாமஸ் பெல் என்ற வெள்ளை வணிகரோடு குடும்பம் நடத்தினார். அவர் வேண்டுகோளின்படி 1792இல் ஜெஃபர்சன் அவரையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் பெல்லுக்கு விற்றார். பெல் அவர்களைத் தம் மனைவி மக்களாகவே நடத்தினார். அவருடைய சொத்தும் அவர்களைச் சேர்ந்தது. ஆனால் மேரியின் மூத்த பிள்ளைகள் இருவரை ஜெஃபர்சன் விற்கவில்லை. ஒப்பீட்டளவில் கண்ணியமான உறவுக்குக்கூட ஒரு தாய் இரண்டு பிள்ளைகளை விலையாகத் தர வேண்டியிருந்தது.

வெள்ளையரான அடிமைகள்

வர்ஜீனியாவின் 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆப்பிரிக்க இரத்தம் உடையோர் கலப்பினத்தவர். சாலியின் பிள்ளைகளுக்கு இருந்தது எட்டில் ஒரு பங்கு. எனவே சட்டப்படி அவர்கள் வெள்ளையர். அதே சட்டப்படி அடிமைகள். 1815இல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், எத்தனை தலைமுறைக் கலப்பில் கறுப்பினம் நீங்கும் என்பதை ஜெஃபர்சன் இயற்கணிதக் குறியீடுகளால் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமையே என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கணக்கின் விடைகள் அவர் வீட்டுப் பட்டறையிலேயே வேலை செய்துகொண்டிருந்தன. ஆண் பிள்ளைகள் தச்சு வேலை கற்றனர். ஹாரியட் நெசவுக் கூடத்தில் உழைத்தார். வெள்ளைப் பேரப்பிள்ளைகளிடம் பாசம் காட்டிய ஜெஃபர்சன், தங்களிடம் தந்தைக்குரிய பரிவைக் காட்டியதில்லை என்று மேடிசன் நினைவுகூர்ந்தார்.

ஆனால் பாரிஸ் வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. 1822இல் பெவர்லியும் ஹாரியட்டும் தடையின்றி வெளியேற விடப்பட்டனர். ஹாரியட்டின் கையில் 50 டாலர் தரப்பட்டு வண்டியேற்றப்பட்டார். இருவரும் வெள்ளையர் சமூகத்தில் கலந்து, வெள்ளையரை மணந்து வாழ்ந்தனர். அவர்களின் பாதுகாப்பு ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் நின்றது: தங்கள் தாய் யாரென்று எவருக்கும் சொல்லக் கூடாது. மகளின் விடுதலைக்காகத் தம்மைப் பணயம் வைத்த தாய், அந்த விடுதலை வந்த நாளில் மகளின் வாழ்விலிருந்தே அழிக்கப்பட்டார்.

ஜெஃபர்சனின் உயில் ஐந்து பேரை விடுவித்தது. ஐவரும் எலிசபெத் ஹெமிங்ஸின் வழிவந்தோர். மேடிசனும் எஸ்டனும் அவர்களுள் இருவர். சாலியின் பெயர் அதில் இல்லை. 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட அடிமை ஓராண்டுக்குள் வர்ஜீனியாவை விட்டு நீங்க வேண்டும். தங்க வேண்டுமானால் சட்டமன்றத்தின் அனுமதி தேவை. அந்த ஐவருக்கும் ஜெஃபர்சன் அனுமதி வேண்டினார். சாலிக்காக வேண்டியிருந்தால் அப்பெயர் மீண்டும் பொதுவெளியில் ஒலித்திருக்கும். புகழைக் காக்கவே அது தவிர்க்கப்பட்டது என்று கருத இடமுண்டு. ஜெஃபர்சனின் மகள் அவரை எழுத்தின்றிப் போக விட்டார். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவின் 130 மனிதர்கள் ஏலம் விடப்பட்டனர். உயிலால் விடுதலைக்கு உரியவரான ஜோ ஃபாசெட்டின் மனைவியும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் விற்கப்பட்டனர்.

சாலி தம் இரு மகன்களோடு சார்லட்ஸ்வில் நகரில் வாழ்ந்தார். 1830ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அவர்களை வெள்ளையர் என்றது. 1833இல் எடுக்கப்பட்ட மற்றொரு கணக்கு அவர்களைச் சுதந்திரக் கலப்பினத்தவர் என்றது. 1835இல், 62ஆம் வயதில், சாலி இறந்தார்.

சாட்சியம் நம்பப்படாத நூற்றாண்டு

தாய் இறந்தபின் மகன்கள் ஓஹியோவுக்குக் குடிபெயர்ந்தனர். எஸ்டன் பின்னர் விஸ்கான்சினுக்குச் சென்று, ஜெஃபர்சன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளையராக வாழ்ந்தார். மேடிசன் கறுப்பினத்தவராகவே வாழ்ந்தார். 1873இல் ஓஹியோ ஏடு ஒன்றில் தம் குடும்ப வரலாற்றை அவர் வெளியிட்டார். மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்த இஸ்ரேல் ஜெஃபர்சன் அதே ஆண்டில் அதனை உறுதிப்படுத்தினார். நேரடிச் சாட்சிகள் இருவர் பேசிவிட்டனர்.

இருந்தும் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அவர்களை நம்பவில்லை. ஜெஃபர்சனின் தங்கை மகன்களே சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தையர் என்று வெள்ளைப் பேரப்பிள்ளைகள் கூறியதையே வேதமாகக் கொண்டனர். அடிமையின் சொல் வதந்தி. எசமானர் வீட்டுச் சொல் ஆவணம். 1997இல் சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட் இந்த ஓரவஞ்சனையைத் தோலுரித்தார். சாட்சியங்களை நீதிமன்ற அளவுகோலில் எடைபோட்டு, மேடிசனின் சொல் எங்கெங்கு ஆவணங்களோடு பொருந்துகிறது என்று காட்டினார். சாலி கருவுற்ற காலங்கள் அனைத்திலும் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார். 1998இல் வெளியான மரபணு ஆய்வு, எஸ்டனின் ஆண் வழித்தோன்றலின் மரபுக்கூறு ஜெஃபர்சன் குடும்பத்தோடு பொருந்துவதையும், தங்கை மகன்களின் வழியோடு பொருந்தாததையும் மெய்ப்பித்தது. மரபணு மட்டும் ஒரு தனி மனிதரைச் சுட்டிக்காட்டாது. ஜெஃபர்சனின் தம்பியைக் கைகாட்டுவோர் இன்றும் உண்டு. ஆனால் காலமும் இடமும் சாட்சியமும் மரபணுவும் ஒரே திசையில் நிற்கையில் எந்த நேர்மையான நீதிபதியும் வரக்கூடிய முடிவு ஒன்றே. மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000இல் அம்முடிவுக்கு வந்தது. 2018இல் சாலிக்கான காட்சியறை அம்மாளிகையில் திறக்கப்பட்டது.

நமக்கான பாடம்

1691இல் தொடங்கிய கலப்பு மணத் தடையை 1967 ஜூன் 12 அன்றுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வீழ்த்தியது. அந்த வழக்கும் வர்ஜீனியாவிலிருந்தே வந்தது. தடை 276 ஆண்டுகள் நீடித்தது. 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளம் அம்பேத்கர் சாதி குறித்த தம் ஆய்வுரையை வாசித்தபோது அது நடைமுறையில் இருந்தது. அகமண முறையே சாதியின் உயிர்நிலை என்றும், அதைக் காக்கவே பெண்ணின் மீது கட்டுப்பாடுகள் சுமத்தப்பட்டன என்றும் அவர் நிறுவினார். இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டும் பெண்ணின் உடலில்தான் எல்லைக்கோடு கிழிக்கின்றன. வர்ஜீனியா தாயின் நிலையைப் பிள்ளைக்குத் தந்து தந்தையைத் தப்பவிட்டது. நம் நாட்டில் பிள்ளைக்குத் தந்தையின் சாதியே இயல்பானது என்ற அனுமானம் நிலவுகிறது. தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவுகளைச் சுமந்த பிள்ளை அதை மறுத்து நிறுவலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல்தான் தெளிவுபடுத்தியது. விதிகள் எதிரெதிராகத் தோன்றினாலும், மெய்ப்பிக்கும் சுமையை ஒடுக்கப்பட்ட தாயின் தலையிலேயே ஏற்றி வைப்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

மணமாகாத தாயைக் குறித்து ஊர் பேசும்போது, சாதி மறுத்த இணையரைக் குடும்ப மானத்தின் பெயரால் கொல்லும்போது, ஒடுக்கப்பட்ட பெண்ணின் புகாரை நடத்தைக் குற்றச்சாட்டால் தள்ளும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அவமானம் என்று எதைச் சொல்கிறார்கள்? அதை யார் சுமக்கிறார்? அதனால் யாருடைய சொத்தும் பெயரும் காக்கப்படுகின்றன? சாலியின் வாழ்வில் இம்மூன்றுக்கும் விடை உண்டு. மேடிசன் ஹெமிங்ஸ் சொன்னதை உலகம் ஏற்க 125 ஆண்டுகளும் ஓர் ஆய்வுக்கூடமும் தேவைப்பட்டன. இன்று நம் முன்னால் வந்து பேசும் பெண்ணையும் அவள் பிள்ளையையும் அவ்வளவு காலம் காத்திருக்க வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.